இயற்கை சீறவில்லை

‘பனிச்சரிவில் சிக்கி 8 தொழிலாளர்கள் பலி.’ 2025 மார்ச் முதல் வாரத்தில் இந்தத் தலைப்பை ஏதாவது ஒரு வடிவத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். விரலால் தள்ளிவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருப்பீர்கள். தப்பில்லை, நமக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்? செய்திக்குள்ளே போனால் இரண்டாவது பத்தியில் ‘இயற்கையின் சீற்றம்’ உட்கார்ந்திருக்கும். வெள்ளம், புயல், நிலச்சரிவு, எதுவானாலும் நம் உதவி ஆசிரியர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிற ரப்பர் ஸ்டாம்ப் அது.

இந்தத் தலைப்பில் எனக்கு இரண்டு சொற்கள் மீது வழக்கு இருக்கிறது. ஒன்று ‘சிக்கி’. வலையில் மீன் சிக்கும், முள்ளில் துணி சிக்கும். சிக்குகிறவர் தானாக நடந்து போய்ச் சிக்கியதாக ஒரு தொனி அந்தச் சொல்லில் உண்டு. அந்த 8 பேர் எங்கேயும் நடந்து போகவில்லை. காலை ஐந்தரை, ஆறு மணிக்குத் தூங்கிக்கொண்டோ அப்போதுதான் எழுந்தோ இருந்தார்கள். இரண்டாவது சொல் ‘பலி’. எல்லாச் சாவுக்கும் நாம் போடுகிற சொல்தான். ஆனால் பலி என்றால் கொடுக்கிற கை ஒன்று இருக்க வேண்டுமே? அந்தக் கையைப் பற்றிச் செய்தி பேசுவதில்லை. பழியைத் தூக்கி இயற்கை தலையில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத்துக்குச் சற்று மேலே, திபெத் எல்லையை ஒட்டி மாணா என்று ஒரு ஊர். சுமார் 3,200 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் ஊர்க்காரர்களே அங்கே இருப்பதில்லை, ஆடுமாடுகளோடு கீழே இறங்கிவிடுவார்கள். கோயிலும் நடை சாத்தியிருக்கும். சாமியும் ஜனமும் இறங்கிப்போன அந்த இடத்தில் எல்லைச் சாலை அமைப்பின் பனி அகற்றும் வேலைக்காக 54 தொழிலாளர்கள் தங்கியிருந்தார்கள். எட்டு இரும்பு கன்டெய்னர்கள், ஒரு கொட்டகை. பிப்ரவரி 28 விடியற்காலையில் மேலிருந்து பனி இறங்கி எல்லாவற்றையும் மூடியது. 46 பேரை ராணுவம் உயிரோடு எடுத்தது. கன்டெய்னருக்குள் அடைபட்டிருந்த காற்றுதான் பலரைப் பிழைக்க வைத்தது.

இப்போது முக்கியமான விஷயம். சண்டிகரில் டிஜிஆர்இ என்று ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தது. 1969இல் மணாலியில் தொடங்கப்பட்ட பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் இன்றைய வாரிசு. இவர்களுடைய வேலையே இமயத்தில் எங்கே, எப்போது பனி சரியும் என்று கணிப்பதுதான். பிப்ரவரி 27 மாலை அவர்கள் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார்கள். சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில், 2,400 மீட்டருக்கு மேலே, அடுத்த 24 மணி நேரத்துக்குப் பனிச்சரிவு அபாயம். மாணா எவ்வளவு உயரம் என்று மேலே சொன்னேன். எச்சரிக்கை வந்து ஒரு ராத்திரிகூட முழுதாகப் போகவில்லை.

முதல் நாள் மாலையே தேதி குறித்துச் சொல்லிவிட்டு வருகிற ஒன்றை எந்த அகராதிப்படி சீற்றம் என்பது? சீற்றம் என்றால் எதிர்பாராமல் வர வேண்டாமா?

இந்த இடத்தில் நம் மொழியைப் பற்றிக் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். ‘பனி’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மார்கழி காலையில் புல்லில் நிற்கும் துளி, ஊட்டி உறைபனி, இமயத்தில் ஆளுயரம் கொட்டிக் கிடப்பது எல்லாவற்றையும் சமாளிக்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நம் நிலத்தில் கொட்டவில்லை, சொல் வரவில்லை. ஆனால் அதன் விளைவு, பனிச்சரிவு என்றதும் நம் மனதில் ஒரே ஒரு படம்தான். வெள்ளைப் புகை மாதிரி எழும்பி, சினிமாவில் ஹீரோவைத் துரத்துமே, அந்தப் படம். மலையில் இருப்பவர்களுக்கு அது ஒன்றல்ல, பல. புதுப்பனி தூளாக உதிர்வது வேறு, காற்று அடித்து இறுக்கிய மேலடுக்கு பலகை பலகையாகப் பிளந்து வழுக்குவது வேறு, பனியாற்றிலிருந்து ஐஸ் பாறை முறிந்து விழுவது வேறு. வசந்தகாலத்தில் வருகிற ஈரப்பனிச் சரிவு முற்றிலும் வேறு.

அந்தக் கடைசி வகையைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் நம்மாட்கள் மலைக்குக் கிளம்புகிற காலம் அது. தமிழ்க் கணக்கில் மாசி, பங்குனி பின்பனிக்காலம். சித்திரை, வைகாசி இளவேனில். இந்த நான்கு மாதங்களில் இமயத்துப் பனி தினமும் இரண்டு வாழ்க்கை வாழ்கிறது. பகலில் வெயில் பட்டு மேற்பரப்பு உருகும். ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் உருகிய தண்ணீர் மறுபடி உறைந்து பொருக்குத் தட்டும். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு அந்தப் பொருக்கு தார் ரோடு மாதிரி இருக்கும், யானையை ஓட்டிப் போகலாம். எட்டு, ஒன்பது மணிக்கு மேல் இளகத் தொடங்கும். முதலில் கிழக்கு பார்த்த சரிவுகள், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. சூரியன் போகிற வழியிலேயே ஆபத்தும் போகும்.

உருகிய தண்ணீர் மேலேயே நிற்பதில்லை. அடுக்கு அடுக்காகக் கீழே இறங்கி, பனித்துகள்களைப் பிடித்து வைத்திருந்த பிணைப்புகளைக் கரைக்கும். அடியில் வழுவழு பாறையோ பழைய ஐஸ் தளமோ இருந்தால் தண்ணீர் அங்கே தேங்கி, மேலே இருக்கிற மொத்தப் பாரமும் சோப்பு போட்ட தரையில் வைத்த பீரோ மாதிரி ஆகிவிடும். சரிவு 30இலிருந்து 45 டிகிரிக்குள் இருந்தால் போதும். பயங்கரமான செங்குத்து என்று நினைக்க வேண்டாம், வீட்டு மொட்டைமாடிப் படிக்கட்டு அந்தச் சாய்வில்தான் இருக்கிறது. புதுப்பனி ஒரு கன மீட்டர் 100 கிலோ இருக்கலாம், அல்லது அதைவிடக் குறைவு. ஈரப்பனி 400, 500 கிலோ. அது வேகமாகக்கூட வருவதில்லை, சிமெண்ட் கலவை மாதிரி நகர்ந்து வரும். நின்ற மாத்திரத்தில் இறுகிவிடும். உள்ளே இருப்பவரால் விரலை அசைக்க முடியாது. பெரும்பாலும் சாவு குளிரால் வருவதில்லை, மூச்சு முட்டித்தான். 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்க வாய்ப்புண்டு. அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்.

ஆக, இதற்கு இரண்டு கடிகாரங்கள். ஒன்று வெயில் கடிகாரம், தினமும் ஓடுவது. இன்னொன்று புயல் கடிகாரம். பெருமழை போலப் பனி கொட்டினால் கொட்டும்போதும் அடுத்த ஓரிரு நாட்களும் பாரம் தாங்காமல் சரியும், ராத்திரி பகல் பார்க்காது. மாணாவில் அடித்தது இந்த இரண்டாவது கடிகாரம். இரண்டையுமே படிக்க முடியும். நூற்றுக்கு நூறு இல்லை, ஆனால் ‘யாருக்குத் தெரியும்’ என்று கை விரிக்கிற அளவுக்கும் இல்லை.

சில வருஷங்களுக்கு முன்பு ஓர் ஏப்ரலில் உத்தரகாசிப் பக்கம் மலையேறப் போயிருந்தேன். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த பன்னிரண்டு பேர். வழிகாட்டி உள்ளூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். ராத்திரி ரெண்டரைக்கு எழுப்பினார். நம்ம கூட்டத்தில் ஒரு தம்பி, “எதுக்குங்க இந்த டார்ச்சர், எட்டு மணிக்குப் போனா வெளிச்சத்துல போட்டோவாவது நல்லா வரும்” என்றான். அவர் பதில் சொல்லவில்லை. கணவாயைத் தாண்டிப் பாதுகாப்பான மேட்டுக்கு வந்த பிறகு, கைத்தடியைப் பனியில் குத்திக் காட்டினார். இரண்டு விரல் ஆழம் போனது. ஒன்பதரைக்கு அதே இடத்தில் மறுபடி குத்தினார். கைப்பிடி வரை இறங்கியது. “இனிமே இந்த மலை நம்மளது இல்ல சார்” என்றார் இந்தியில். பதினொரு மணிக்கு எதிர்த்திசையிலிருந்து வேறொரு நிறுவனத்தின் குழு, முப்பது பேர், நாங்கள் கடந்த அதே சரிவில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஏறியது. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. இதில் விவகாரமே அதுதான், பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நடக்காது. நடக்காத ஒவ்வொரு நாளும் ‘பாத்தியா, ஒண்ணும் ஆகல’ என்று தப்பான பாடத்தைச் சொல்லிக் கொடுக்கும்.

2023 ஏப்ரல் 4, பங்குனி மாத நண்பகல், சிக்கிமில் காங்டாக்கிலிருந்து நாதுலா போகும் சாலையில் அது நடந்தது. பதினைந்தாம் மைல் அருகே பனி இறங்கி 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அனுமதிச் சீட்டு பதிமூன்றாம் மைல் வரைதான் கொடுக்கப்பட்டிருந்தது என்று அதிகாரிகள் சொன்னார்கள். நேரத்தைக் கவனியுங்கள், பகல் பன்னிரண்டே கால் வாக்கில்.

இதை வைத்து ‘சுற்றுலாப் பயணிகளுக்குப் பொறுப்பில்லை’ என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். சுலபம். நிறைய கைதட்டல் கிடைக்கும். ஆனால் என் சண்டை அங்கே இல்லை. ஆல்ப்ஸிலும் அமெரிக்காவிலும் பனிச்சரிவில் சாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பனிச்சறுக்கோ மலையேற்றமோ விளையாடப் போனவர்கள். பல நேரம் அவர்கள் கால் பட்டே சரிவு கிளம்புகிறது. சொந்தக் காசில், சொந்த விருப்பத்தில், திரும்பி வரவும் உரிமையோடு போனவர்கள். எங்கள் குழுவும் அப்படித்தான். ரெண்டரைக்கு எழ முடிந்தது, ஒன்பதரைக்கு நிறுத்த முடிந்தது, வானிலை சரியில்லை என்றால் கீழே வந்து மேகி சாப்பிட்டிருக்க முடியும். இமயத்தில் கொத்துக் கொத்தாகச் சாகிறவர்கள் வேறு ஆட்கள். சிப்பாய், சாலைத் தொழிலாளி, சுமை தூக்குகிறவர். கடிகாரம் சுவரில் தொங்குகிறது, அதைப் பார்த்து எழுந்து போகிற உரிமைதான் அவர்களிடம் இல்லை.

மாணாவுக்கு நான்கு வருஷம் முன்பு, அதே சமோலி மாவட்டம். 2021 ஏப்ரல் 23, சும்னா என்ற இடம், அதே எல்லைச் சாலை வேலை. ஐந்து நாட்களாக மழையும் பனியும் விடாமல் கொட்டிக்கொண்டிருந்ததாக ராணுவம் சொன்னது. அன்று மாலை நான்கு மணி வாக்கில் தொழிலாளர் முகாம் மேல் பனி இறங்கியது. சித்திரை மாதம், ஐந்து நாள் பாரம், பிற்பகல் நேரம். இரண்டு கடிகாரமும் சேர்ந்து மணி அடித்திருக்கிறது. 384 பேரை மீட்டார்கள். 15 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அது ஒரு பாடமாக இருந்திருந்தால் 2025 பிப்ரவரியில் அந்தக் கன்டெய்னர்கள் காலியாக இருந்திருக்கும்.

மலையில் முகாம் எங்கே போடுகிறார்கள் என்று பார்த்தால் இன்னொன்று புரியும். எங்கள் வழிகாட்டி ஒரு பள்ளத்தாக்கைக் காட்டிக் கேட்டார்: “இவ்வளவு செங்குத்தான மலையில அந்த எடம் மட்டும் எப்படி சமமா இருக்கு, யோசிச்சீங்களா?” ஓடை வாயில் விசிறி மாதிரி விரிந்து கிடந்தது அந்தச் சமதளம். நூற்றாண்டு நூற்றாண்டாக மேலிருந்து வந்து விழுந்த பனியும் கல்லும் மண்ணும் நிரப்பி உண்டாக்கிய இடம். ஊர்க்காரர்கள் அங்கே ஒரு வீடுகூடக் கட்டவில்லை, மாடு மேய்ப்பதோடு சரி. வெளியிலிருந்து வருகிற ஒப்பந்தக்காரருக்கோ அது வரப்பிரசாதம். லாரி திருப்பலாம், ஜல்லி கொட்டலாம், கொட்டகை போடலாம். அந்தக் கொட்டகையில் வந்து படுக்கிறவருக்குத் தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்று தெரியாது. லடாக் சாலைகளில் வேலை செய்ய ஜார்க்கண்டின் தும்கா பக்கமிருந்து தலைமுறை தலைமுறையாகப் போகிறார்கள். 2020 ஜூனில் ஒரே சிறப்பு ரயிலில் 1,600-க்கும் மேற்பட்டோர் போனார்கள். தும்காவில் என்ன பனி கொட்டுகிறது? நம்ம திருவண்ணாமலைக்காரருக்கு இருக்கிற பனி அறிவுதான் அவருக்கும். அவரிடம் போய், “2,400 மீட்டருக்கு மேல் அபாயம்” என்று ஒரு மாவட்ட அளவிலான எச்சரிக்கையைக் கொடுத்தால் அதை என்ன செய்வார்? எங்கே போவார்? வண்டி யாருடையது? மேஸ்திரி கேட்டால் என்ன சொல்வது? அன்றைய கூலியை யார் தருவது? முகாமைக் காலி செய்ய அதிகாரமுள்ள ஆளின் கைக்குப் போய், அவர் உடனே செயல்பட்டால்தான் அது எச்சரிக்கை. மற்றபடி அது பிற்பாடு, ‘நாங்கதான் சொன்னோமே’ என்று காட்டுவதற்கான ரசீது.

‘எல்லைச் சாலை வேண்டாமா? சீனாக்காரன் அந்தப் பக்கம் ரோடு போடறானே?’ இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வேண்டும், போடுங்கள். முகாமை எந்த ஓடை வாயில் வைப்பது என்று சீனா முடிவு செய்யவில்லையே.

ஐரோப்பாவைக் காட்டி மிரட்டுவது எனக்குப் பிடிக்காது, ஆனாலும் ஒரு கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 1950-51 குளிர்காலத்தில் பனிச்சரிவில் 98 பேர் செத்தார்கள். அதன் பிறகு ஊர் ஊராக வரைபடம் போட்டு, சிவப்பு மண்டலத்தில் வீடு கட்டாதே என்று சட்டமாக்கினார்கள். மேலே மலைச்சரிவில் வரிசை வரிசையாக இரும்புத் தடுப்புகள் நட்டார்கள். அபாயம் என்று அறிக்கை வந்தால் சாலையை மூடுவார்கள். 1999இல் மறுபடி அதே அளவு பெரும்பனி வந்தபோது அங்கே சாவு 17. அவர்களும் தேவதூதர்கள் இல்லை. அதே 1999 பிப்ரவரியில் பக்கத்து ஆஸ்திரியாவில் கால்ட்யூர் என்ற ஊரில், பாதுகாப்பானது என்று குறித்து வைத்திருந்த மண்டலத்துக்குள்ளேயே பனி புகுந்து 31 பேரைக் கொன்றது. வரைபடம் தப்பு என்று ஒத்துக்கொண்டு திருத்தி, சுவர் கட்டினார்கள். இத்தனைக்கும் முன்னாலே, 1397இலேயே, ஆண்டர்மாட் என்ற சுவிஸ் ஊரில் மேலே இருக்கிற காட்டில் ஒரு மரம்கூட வெட்டக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு எழுதி வைத்தார்கள், பனியைத் தடுத்து நிறுத்துகிற காடு என்பதால். செயற்கைக்கோளும் இல்லை, ஆய்வு நிறுவனமும் இல்லை.

நம் ஊருக்கு வருவோம். 2016 பிப்ரவரி 3, சியாச்சினில் 19,600 அடியில் சோனம் காவல்நிலை மேல் ஐஸ் சுவர் சரிந்து மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். அதில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி. ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்ட தார்வாடுக்காரர் ஹனுமந்தப்பா கொப்பத்துக்காக நாடே பிரார்த்தனை செய்தது. பிப்ரவரி 11 அன்று அவரும் போனார். அப்போது தமிழில் எவ்வளவு கவிதை வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? முகநூலைத் திறந்தால் வெண்பனி, வெண்மரணம், பனித்தாயின் மடி. பனித்தாயாம்! ஒரு கவிதையாவது அந்த இடத்தில் இத்தனை பேரை எதற்காக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று கேட்டதா? அந்தப் பனியாற்றில் இரண்டு தரப்பிலும் குண்டுக்குச் செத்தவர்களைவிடக் குளிருக்கும் பனிக்கும் உயரத்துக்கும் செத்தவர்கள் அதிகம். எதிர்ப்பக்கம் 2012 ஏப்ரல் 7இல் கயாரி முகாமில் ஒரே சரிவில் 140 பேர் போனார்கள். அவர்களுக்கும் உருதுவில் கவிதை வந்திருக்கும்.

சிப்பாய்க்காவது ‘வீரமரணம்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம், தேசியக்கொடி போர்த்துகிறோம். மாணாவில் செத்தவருக்கு அதுவும் இல்லை. அவர் ‘சிக்கி பலி’. நேபாளத்தில் 2014 ஏப்ரல் 18இல் எவரெஸ்டின் கும்பு ஐஸ்வீழ்ச்சியில் 16 நேபாளித் தொழிலாளர்கள் செத்தபோது அரசாங்கம் முதலில் குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய் என்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் ஷெர்பாக்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் சிலமுறை கடந்துபோகிற அந்தப் பாதையில் கயிறும் கூடாரமும் ஆக்ஸிஜனும் சுமந்துகொண்டு அதைப்போலப் பல மடங்கு தடவை போய்வருகிறவர்கள். அவர்கள் அழுது முடித்துவிட்டு வேலைக்குப் போக மறுத்தார்கள். அந்த வருஷம் தெற்குப் பக்க சீசனே ஏறக்குறைய முடிந்துபோனது. அடுத்த வருஷம் பாதையை ஆபத்தான இடது ஓரத்திலிருந்து நடுப்பக்கம் மாற்றினார்கள். இயற்கை அதே இயற்கைதான். வேலை செய்ய மாட்டேன் என்று சொல்ல ஆள் இருந்தது, பாதை நகர்ந்தது.

நம் பக்கம் நகர்வது வேறொன்று. ஸ்ரீநகரிலிருந்து லே போகும் வழியில் ஜோஜிலா கணவாய், சுமார் 11,500 அடி. முன்பெல்லாம் குளிர்காலத்தில் ஆறு மாதம் வரை மூடிக் கிடக்கும். 2021இல் 110 நாட்களில் திறந்தார்கள். 2022இல் 73. 2023இல் 68. 2024இல் 35. 2025இல் 32. ஒவ்வொரு வருஷமும் ‘சாதனை’ என்று செய்திக்குறிப்பு வரும், டோசர்கள் இருபக்கமும் பனிச்சுவர் எழுப்பி நடுவே வரும் படத்தோடு. அடுத்த மாதமே நம் பிள்ளைகள் அந்தச் சுவரில் சாய்ந்து ரீல்ஸ் எடுப்பார்கள். லடாக்குக்குக் காய்கறியும் மருந்தும் சீக்கிரம் போவது நல்லதுதான், மறுக்கவில்லை. அதற்குத்தான் அங்கே சுரங்கப்பாதை தோண்டுகிறார்கள். ரோதங் கணவாயின் கீழே 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் லாஹுல் மக்களுக்கு அதைச் செய்து காட்டிவிட்டது. ஆனால் சுரங்கம் முடிகிறவரை, திறக்கிற தேதி முன்னே வர வர, சுத்தம் செய்கிற வேலை பனி மிகவும் நிலையில்லாமல் இருக்கிற மாசி, பங்குனிக்குள் தள்ளப்படுகிறது.

அந்தச் செய்திக்குறிப்புகள் நான்கைந்தைத் தேடிப் படித்தேன். மூடியிருந்த நாட்கள் எண்ணப்பட்டிருந்தன. பனியின் உயரம் அடியில் கொடுக்கப்பட்டிருந்தது. எந்த அமைச்சர் பாராட்டினார் என்று இருந்தது. டோசர் ஓட்டியவர் காலையில் எத்தனை மணிக்கு ஏறினார், வெயில் ஏறியபின் எத்தனை மணிக்கு இறங்க விட்டார்கள், எச்சரிக்கை வந்த நாட்களில் அவர் எங்கே படுத்தார் என்று ஒரு வரி எதிலும் இல்லை.